வேரைக் காக்க இலைச்சாறு போதுமா?

பயிரின் நோயை நாம் இலையிலேதான் காண்கிறோம். ஆனால் இலை மஞ்சளிக்கும் வேளையில் நோய் வேரிலே குடியேறி வாரக்கணக்காகி விடுகின்றது. மூலிகைப் பயிர் செய்யும் எமது இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல இன்று இந்த நோயினாலேயே கைமுதலை இழக்கின்றன. அதற்கு மருந்தாக வேப்பஞ்சாறு, உள்ளிச்சாறு, இலைக்கரைசல் என்று பலரும் பலதைச் சொல்கின்றார்கள். அவற்றிலே எது உண்மை, எது மிகை என்பதையும், எல்லோரும் பேசாமல் விடும் ஒரு விடயத்தையும் இக்கட்டுரையிலே எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன்.

வலிகாமம் வடக்கிலுள்ள தமது செம்மண் காணியை 1990 ஆம் ஆண்டில் விட்டு வந்த குடும்பமொன்றின் தோட்டத்தைப் பார்க்கச் சென்றிருந்தேன். குத்தகைக் காணி, ஒன்றரைப் பரப்பு, முழுவதும் வல்லாரை. பாத்தியின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் குன்றிக் கிடந்தது. நண்பகலில் வாடி, மாலையில் சற்றே நிமிர்ந்தது. “தண்ணி காணாதெண்டு ரெண்டு நேரமும் இறைக்கிறன் தம்பி. பசளையும் போட்டன். வேப்பெண்ணெய் மருந்தெண்டு ஒரு போத்தல் வாங்கி அதையும் ஊத்திப் பாத்திட்டன். என்ர கைதான் ராசியில்லைப் போல” என்றார் அந்தத் தாய்.

ஒரு செடியை மண்ணோடு கிண்டியெடுத்து வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினோம். கடுகையும் மிளகையும் கோர்த்ததுபோல வேர் முழுவதும் முடிச்சு. முன்னைய போகம் அங்கே என்ன நின்றதென்று கேட்டேன். கத்தரியும் தக்காளியும் என்றார். “அக்கா, உங்கட கையிலை பிழையில்லை. நீங்கள் வர முன்னமே இந்தக் காணியிலை வருத்தம் இருந்திருக்கு” என்றேன். அந்தப் பதில் அவருக்கு ஆறுதலாக இருந்ததோ தெரியாது. ஆனால் எனக்கு அது ஒரு கேள்வியாக நின்றுவிட்டது. வருத்தம் காணியில் இருக்கும்போது, ஒரு போகத்துக்கு மட்டும் வந்து போகும் குடும்பம் அதை எப்படிக் குணமாக்கும்?

நோயை இனங்காணுதல்

வேரைத் தாக்கும் நோய்கள் எல்லாம் ஒன்றல்ல. மருந்தைத் தேடுமுன் நோயைப் பிரித்தறிய வேண்டும். மூன்றை மட்டும் இங்கே சொல்கின்றேன்.

முதலாவது, நான் மேலே சொன்ன வேர்முடிச்சு நோய். நெமற்றோடு என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழு வேருக்குள்ளே புகுந்து முடிச்சை உண்டாக்குகின்றது. ஒரு பெண்புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். எமது வெப்பமான மண்ணில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயாராகி விடும். மணற்பாங்கான மண்ணில் இதன் தொல்லை அதிகம். ஆகையால் 1990 ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் குடியேறிய முஸ்லிம் தோட்டக்காரருக்கும் இது பொதுவான பிரச்சினையே.

இரண்டாவது, மஞ்சள், இஞ்சிக் கிழங்குகளில் வரும் மென்னழுகல். பித்தியம் என்னும் நுண்ணுயிரால் வருவது. மாரியில், தண்ணீர் தேங்கும் இடத்தில் பரவும். தண்டின் அடி நீர் ஊறியதுபோல் மென்மையாகும். பிடித்து இழுத்தால் கையோடு வரும். கிழங்கு அழுகி நாற்றமெடுக்கும்.

மூன்றாவது, பற்றீரியாவால் வரும் வாடல். இது இஞ்சியையும், கத்தரி, தக்காளி, புகையிலைக் குடும்பத்துப் பயிர்களையும் தாக்கும். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டுச் சில நிமிடம் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போன்ற நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல். அதற்கு எந்த இலைச்சாறும் மருந்தல்ல. செடியைப் பிடுங்கி எரித்து, அந்தப் பாத்தித் தண்ணீர் மற்றப் பாத்திக்குப் போகாமல் மறித்து, இஞ்சியை அந்த இடத்தில் மீண்டும் நடாமல் விடுவதே வழி.

தாவரங்கள் தரும் உதவி

மூலிகைப் பயிருக்கு இரசாயன நஞ்சைத் தவிர்க்க வேண்டும் என்பதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. மஞ்சளிலும் இஞ்சியிலும் சாத்தாவாரியிலும் மண்ணுக்குள் இருக்கும் பகுதிதான் மருந்து. வேரடியில் நாம் ஊற்றுவது நோயாளியின் குடிநீருக்குள் போகக்கூடும். வல்லாரையோ பச்சையாகவே சம்பலாகிறது. ஆகவே தாவரங்களைக் கொண்டு நோயை அடக்கும் முயற்சி சரியான முயற்சிதான். அதிலே எமது கைக்கு எட்டக்கூடியவை சில உண்டு.

வேப்பம் புண்ணாக்கு: கேரளாவில் கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், இஞ்சி நடும்போது ஹெக்டயருக்கு 2 தொன் வேப்பம் புண்ணாக்கு இட்டால் கிழங்கழுகல் குறையும் என்று சிபாரிசு செய்கின்றது. எமது கணக்கில் ஒரு ஹெக்டயர் ஏறத்தாழ 40 பரப்பு. ஆகவே பரப்புக்கு 50 கிலோ வரும். இவ்வளவு வாங்க வசதியில்லாதவர் நாற்றுமேடைக்கும் நடும் குழிக்கும் மட்டுமாவது இடலாம். வல்லாரை போன்ற இளம் நாற்றுக்கு நடுவதற்கு இரண்டு வாரம் முன்னரே மண்ணோடு கலந்து ஈரப்படுத்தி விடுங்கள். புதிதாக இட்ட உடனே நட்டால் இளவேர் கருகக்கூடும்.

வேப்பங்கொட்டைக் கரைசல்: ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழத்தைப் பிள்ளைகளே பொறுக்கித் தருவார்கள். தோல் நீக்கி, நிழலில் உலர்த்தி வையுங்கள். உடைத்தெடுத்த பருப்பு அரைக்கிலோவை இடித்து 10 லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, துணியால் வடித்து, அன்றைக்கே பாவிக்க வேண்டும். முதலில் பாத்தியை நனைத்து, பின்னர் மாலை வேளையில் வேரடியில் ஊற்றுங்கள். வேம்பிலுள்ள அசாதிரக்டின் என்னும் பொருள் வெயிலில் விரைவில் சிதைந்துவிடும். அந்தத் தாய் ஊற்றிய போத்தல் எந்தக் கடையில் எத்தனை மாதம் வெயில்பட நின்றதோ யார் அறிவார்?

செவ்வந்தி: மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூத்து, இலையைக் கசக்கினால் கடும் வாசம் வீசும் செண்டுப்பூவைச் சொல்கின்றேன். சிங்களத்தில் தாஸ்பெத்தியா என்பார்கள். இதன் வேரிலுள்ள ஒரு பொருள் நுண்புழுவைக் கொல்லும் என்பதை 1958 ஆம் ஆண்டிலே நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் இருவர் எடுத்துக் காட்டினர். இங்கே கவனிக்க வேண்டியது, செவ்வந்தியின் பெரும்பலன் அதன் சாற்றில் இல்லை, உயிரோடு நிற்கும் வேரில் இருக்கின்றது என்பதாகும். தோட்ட ஓரத்தில் நாலு செடி நின்றால் அழகுக்குத்தான் உதவும். பாத்தி முழுவதும் நெருக்கமாக நட்டு, இடையே புல்பூண்டு இல்லாமல், இரண்டு மூன்று மாதம் நிற்கவிட்டு, பின் மண்ணோடு கொத்திப் புரட்ட வேண்டும். புல்லை விட்டால் புழு அதன் வேரிலே உயிர் வாழும். குட்டையாக வளரும் சிறுபூ வகை நல்லது. பூவை மாலை கட்டுவோருக்கு விற்றால் கைச்செலவுக்கும் ஆகும்.

சணல்: எமது பெற்றோர் பசுந்தாட் பசளைக்காக விதைத்து, பூக்கும் பருவத்தில் மடித்த அதே சணல்தான். இதன் வேரிலும் முடிச்சுப்புழு பெருக மாட்டாது. மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கின்றது.

கோவா, முள்ளங்கி, கடுகு இலைகள்: சந்தையில் கழிக்கும் கோவா இலையை வீசாதீர்கள். இவற்றை நொறுக்கும்போது கடுகுக் காரம் போன்ற ஆவி வெளிப்படுகின்றது. அது மண்ணிலுள்ள பங்கசுக்களையும் புழுக்களையும் ஓரளவு ஒடுக்கும். பச்சையாகவே நறுக்கி, அப்பொழுதே மண்ணோடு கலந்து, தண்ணீர் விட்டு, பொலித்தீனால் இரண்டு மூன்று வாரம் மூடி வைத்து, பின் திறந்து காற்றாடவிட்டு நட வேண்டும். இலை காய்ந்த பிறகு கலந்தால் பயனில்லை.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இலைச்சாறு என்பதால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகி விடாது. புகையிலைக் கழிவை ஊறவைத்து ஊற்றுவோர் எம்மிடையே உண்டு. அதிலுள்ள நிக்கொற்றின் தோலினூடாகவும் உடலுக்குள் போகும் கடும் நஞ்சு. அலரி, ஊமத்தை ஆகியவற்றின் சாறும் அப்படியே. பச்சையாக உண்ணும் வல்லாரைக்கு இவற்றைக் கிட்டவும் கொண்டு போகக்கூடாது.

சாற்றினால் ஆகாதது

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். உள்ளியில் அலிசின் என்னும் பொருள் இருக்கின்றது. ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டிலே அது பல பங்கசுக்களை வளரவிடாமல் தடுக்கும். ஆனால் தோட்டம் கண்ணாடித் தட்டல்ல. மண் சாற்றை உறிஞ்சும், நீர் அதை ஐதாக்கும், மண்ணிலுள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதைச் சில நாளில் தின்று முடிக்கும். தட்டிலே வென்ற மருந்து பாத்தியிலே தோற்பது இதனாலேயே. அத்துடன், முடிச்சு விழுந்த வேரை எந்தச் சாறும் பழைய வேராக்காது. தாவரச் சாறுகள் நோய் வருமுன் காக்க உதவும். வந்த நோயை முற்றாக மாற்றும் என்று சொல்பவர் ஒன்றில் அறியாதவர், அல்லது போத்தல் விற்பவர்.

அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கையின் விலையை நாடு முழுவதும் கண்டிருக்கின்றது. 2021 மே மாதம் இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்தது. நவம்பரிலே அது விலக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் நட்டம் சுமந்தவன் விவசாயியே. சேதனப் பயிர்ச்செய்கை தவறானது என்பதல்ல இதன் பாடம். மண்ணை ஆயத்தப்படுத்தப் பல ஆண்டு எடுக்கும் ஒரு மாற்றத்தை ஒரே போகத்தில் செய்யச் சொன்னதுதான் தவறு. இலைச்சாற்றைப் பற்றியும் அதே தவறை நாம் செய்யக்கூடாது.

மஞ்சளில் இன்னொரு பாடமும் உண்டு. 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை உச்சத்துக்கு ஏறியபோது, வீட்டு வளவெல்லாம் மஞ்சள் நடப்பட்டது. விதைக்கிழங்கு கைக்குக் கை மாறியது. அழுகலும் அதோடு சேர்ந்து பயணம் செய்யும் என்பதைச் சிந்திக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. விதைக்கிழங்கு நோயுள்ளதென்றால் அதன்மேல் ஊற்றும் சாறு வீண். நோயில்லாத தோட்டத்து விதை, மேட்டுப்பாத்தி, தண்ணீர் வடியும் வாய்க்கால், கழுவிய மண்வெட்டி ஆகிய நாலும் முதலில் வரவேண்டும். அவற்றுக்குப் பின்னரே சாறு.

அப்படியானால் எதை நம்புவது? உங்கள் கண்ணை நம்புங்கள். ஆறு பாத்தி எடுங்கள். ஒன்றுவிட்டொரு பாத்திக்குச் சாறு, மற்றதற்கு அதே அளவு வெறுந்தண்ணீர். தடி நட்டு அடையாளம் வையுங்கள். அறுவடையின்போது பாத்திக்குப் பத்துச் செடி பிடுங்கி வேரைக் கழுவி, முடிச்சுள்ளதையும் இல்லாததையும் எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு இல்லையென்றால் அந்தச் சாற்றுக்கு மேலும் காசு செலவழிக்க வேண்டாம். வேறுபாடு இருந்தால் அயலவருக்கும் சொல்லுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு கொப்பியும் கொஞ்சப் பொறுமையும் போதும்.

காணியின் கேள்வி

இப்போது எல்லோரும் பேசாமல் விடும் விடயத்துக்கு வருகின்றேன்.

வேர்முடிச்சு நோயை உண்மையில் அடக்குவது எது? ஒரு போகம் செவ்வந்தி, ஒரு போகம் சணல் அல்லது புழு விரும்பாத எள்ளு, கச்சான், அதன் பின் மூலிகை, மீண்டும் மாற்றுப்பயிர் என்ற சுழற்சியே. வேப்பம் புண்ணாக்கும் கோவா இலையும் இந்தச் சுழற்சிக்குத் துணை. இதற்குக் குறைந்தது மூன்று ஆண்டு வேண்டும். ஆனால் எமது இடம்பெயர்ந்த குடும்பங்கள் எத்தனை பேருக்கு மூன்று ஆண்டுக்குக் காணி உறுதியாக இருக்கின்றது? பெரும்பாலும் வாய்ப்பேச்சில், ஒரு போகத்துக்கு, முற்பணம் கொடுத்து எடுத்த காணி. அடுத்த போகம் யார் கொத்துவார் என்பது கொத்துபவருக்கே தெரியாது. அப்படியிருக்க, இரண்டு மூன்று மாதம் செவ்வந்தியை நிற்கவிடு என்று அந்தத் தாய்க்கு நான் எந்த முகத்தோடு சொல்வது? அவர் மண்ணைத் திருத்த, அடுத்து வருபவர் அறுப்பதா?

ஆகவே அவர் செய்வதெல்லாம் எடுத்த காசைப் பிடுங்கும் அவசரச் செய்கை. அதே காணிக்கு அடுத்து வருபவரும் அப்படியே. இப்படிக் கைமாறிக் கைமாறிக் காணி நோயாளியாகின்றது. இதிலே நட்டப்படுவது குத்தகைக்காரர் மட்டுமல்ல, காணிக்காரருந்தான்.

எனது கருத்து இதுதான். மூலிகைச் செய்கைக்கு எனக் காணி கொடுப்போர் யாராயினும், தனியார், கோவில், பங்கு, சங்கம் எதுவாயினும், மூன்று ஆண்டுக்குக் குறையாமல் எழுத்திலே கொடுக்க வேண்டும். முதற்போகம் மண்ணைத் திருத்தும் போகம் என்பதால் அதற்குக் குத்தகையைக் குறைக்க வேண்டும். இந்தக் காணிகளுக்கு வேப்பங்கொட்டையும் செவ்வந்தி விதையும் கொடுக்க முன்வரும் நிறுவனங்கள், முதலில் குத்தகை எழுதும் செலவைக் கொடுத்தால் அதுவே பெரிய உதவியாகும்.

காணிக்காரரின் பயத்தையும் நாம் மதிக்க வேண்டும். பத்து ஆண்டு தொடர்ந்து ஆண்டால் காணி ஆண்டவருக்குப் போய்விடும் என்ற பயம் அது. 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியோர் ஏற்பாடு உண்டுதான். ஆனால் உரிமையாளருக்கு எதிராக, அவரது உரிமையை ஏற்காமல் ஆள்பவருக்கே அது பொருந்தும். குத்தகை எழுதி இருப்பவர் “காணி உங்களுடையது” என்று கையொப்பமிட்டே இருக்கின்றார். எழுத்துக் குத்தகை காணிக்காரரையும் காக்கும். வாய்ப்பேச்சே இருவருக்கும் ஆபத்து. ஆனால் வெறும் கடதாசித் துண்டும் போதாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட்டாலே செல்லுபடியாகும். இதையறியாமல் முத்திரையில் ஒப்பமிட்டு ஏமாந்தோர் உண்டு.

சொந்தக் காணி இன்னும் விடுபடாதிருக்கையில் குத்தகைக் காணியைப் பற்றி எழுதுவது நியாயமா என்று சிலர் கேட்கக்கூடும். வலிகாமம் வடக்கில் கட்டங்கட்டமாகக் காணிகள் விடப்பட்டாலும் எல்லாம் விடப்படவில்லை. அந்தக் கோரிக்கையை ஒருபோதும் கைவிடக்கூடாது. ஆனால் காத்திருக்கும் காலத்திலும் அடுப்பெரிய வேண்டும். கிடைத்த மண்ணிலே நல்ல செய்கையைச் செய்வது சொந்த மண்ணை மறப்பதாகாது. அங்கே திரும்பும் நாளுக்குத் தேவையான கைப்பழக்கத்தைப் பேணுவதும் அதுவே.

அந்தத் தாயின் கதையைப் பாதியில் விட்டேன். இரண்டு மூன்று பேர் சேர்ந்து காணிக்காரரிடம் போய்ப் பேசினோம். பிடுங்கிய வேரையும் கொண்டு போனோம். முடிச்சை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது என்ர காணியிலையோ?” என்று அவர் கேட்டார். மூன்று ஆண்டுக்கு எழுதித் தரச் சம்மதித்தார். இன்று அந்த ஒன்றரைப் பரப்பில் பாதிக்குச் செவ்வந்தி நிற்கின்றது. மற்றப் பாதியில் அரைவிளைச்சல் வல்லாரை, வேப்பங்கொட்டைக் கரைசல் ஊற்றிய பாத்தியும் ஊற்றாத பாத்தியுமாக, தடி நட்டு அடையாளத்தோடு. முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் கொப்பியைப் பார்த்து, எப்படியிருந்தாலும் அப்படியே எழுதுவேன்.

உங்கள் பாத்தியிலும் வாடிய செடி நின்றால் முதலில் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். ஒரு செடியைக் கிண்டி, வேரைக் கழுவிப் பாருங்கள். பின் அந்த வேரோடு காணிக்காரரிடம் போங்கள்.